அட்டை கையில், விதிகள் எங்கே?

திருவண்ணாமலை மாவட்டத்துக் கல்லூரிகளில் விலங்கியல், உயிர்வேதியியல், செவிலியம், மருந்தியல் படித்து வெளியேறும் இளைஞர்களில் கணிசமானோர் இன்று சென்னையில் 'மெடிக்கல் கோடிங்' எனப்படும் பணியில் இருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனையில் ஒருவர் பெற்ற சிகிச்சை குறித்து மருத்துவர் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்து, அவற்றை உரிய குறியீடுகளாக மாற்றுவது அவர்களுடைய வேலை. அந்தக் குறியீடுகளை அடிப்படையாகக் கொண்டே, மெடிகேர் என்னும் அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு மருத்துவமனைகளுக்குப் பணம் வழங்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 அன்று நோய்க் குறியீடுகள் திருத்தப்படுகின்றன. ஜனவரி 1 அன்று மருத்துவர்களுக்கான கட்டண விதிகள் மாறுகின்றன. நம் பிள்ளைகள் அந்த மாற்றங்களை வரி வரியாகப் படிக்கிறார்கள். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறுகிறார்கள். விதி தவறினால் என்ன நேரும் என்பதையும் அறிந்திருக்கிறார்கள்.

அதே பிள்ளைகளின் பெற்றோர் செங்கத்திலோ போளூரிலோ தண்டராம்பட்டிலோ வசிக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெட்டியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. அந்த அட்டை எந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும், எந்த மருத்துவமனையில் செல்லும், அதில் எவையெல்லாம் அடங்கும் என்று கேட்டால், பெற்றோருக்கும் தெரியாது. அமெரிக்க விதிகளைக் கரைத்துக் குடித்த பிள்ளைக்கும் தெரியாது. இதை அவர்களுடைய அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. விதிகளைத் தேடிக் கண்டடைவதும், மாறும்போது அறிந்துகொள்வதும் ஓரிடத்தில் எளிதாகவும் இன்னோரிடத்தில் கடினமாகவும் இருப்பதற்கு, அவற்றை வெளியிடும் முறையே காரணம்.

அடுக்கடுக்காய் வந்த விதிகள்

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு பெரிய அளவில் தொடங்கியது 2009 ஜூலையில். உயிர் காக்கும் உயர் சிகிச்சைகளுக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் அது. 2012 ஜனவரி 11 முதல் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய், குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு 1.5 லட்சம் ரூபாய் என்று வரம்பு இருந்தது. 2018 செப்டம்பர் 23 அன்று மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்டம் அதனுடன் இணைக்கப்பட்டு, வரம்பு 5 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. 2022 ஜனவரி 11 முதல் வருமான வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 1,090 சிகிச்சை முறைகள், 8 தொடர் சிகிச்சைகள், 52 பரிசோதனைகள் என்று பட்டியலும் விரிந்தது. ஏறத்தாழ 1.37 கோடிக் குடும்பங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம். பெருக்கிப் பார்த்தால், ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாயைத் தாண்டும் பொதுப் பணம்.

இது பெருமைப்படத்தக்க வரலாறு. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் வரம்பும், பட்டியலும், தொகையும், தகுதியும் மாறியிருக்கின்றன. மக்கள் மனத்தில் தங்குவது அவரவர் கடைசியாகக் கேள்விப்பட்டதுதான். '5 லட்சம்' என்பது ஆளுக்கா, குடும்பம் முழுவதற்குமா என்ற அடிப்படைக் கேள்விக்கே நம் தெருக்களில் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. குடும்பம் முழுவதற்கும் சேர்த்து என்பதே சரியான பதில்.

விபத்துச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கிறது. 81 சிகிச்சை முறைகள். தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் உச்சவரம்பு. காப்பீட்டு அட்டை வேண்டியதில்லை; எந்த மாநிலத்தவராயினும் பொருந்தும். 2025 மே மாதத்தில் மத்திய அரசு வேறொரு திட்டத்தை அறிவிக்கை செய்தது: விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள்கள், 1.5 லட்சம் ரூபாய் வரை. இரண்டும் நல்ல திட்டங்கள். ஆனால் நள்ளிரவில் புறவழிச் சாலையில் அடிபட்டுக் கிடப்பவரின் உறவினருக்கு, எந்தத் திட்டம், எத்தனை நாள், எவ்வளவு தொகை என்று யார் சொல்வது?

ஊரின் தன்மையும் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கும் லட்சக்கணக்கானோரில் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகத்திலிருந்து வருவோர் ஏராளம். மறுபுறம், நம் மாவட்டத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்வோரும் ஏராளம். ஆயுஷ்மான் பாரத் பயனாளிகள் பிற மாநிலங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் சிகிச்சை பெறலாம். ஆனால் தமிழ்நாட்டு அட்டை வைத்திருக்கும் குடும்பங்களில் ஒரு பகுதியே அந்த மத்தியப் பட்டியலில் உள்ளவை. எஞ்சியவற்றை மாநில அரசு தன் செலவில் சேர்த்திருக்கிறது. பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்த தொழிலாளியின் அட்டை அங்கே செல்லுமா என்பது, தன் குடும்பம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை அவர் விழுந்த பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை.

ஒரு சங்கிலியின் விலை

என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் தந்தைக்கு இதயக் குழாயில் அடைப்பு. வெளியூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் காப்பீட்டு அட்டையில் ஸ்டென்ட் பொருத்தினார்கள். "திட்டத்தில் வருவது சாதாரண ஸ்டென்ட், நல்லது வேண்டுமென்றால் வித்தியாசத்தைக் கட்டுங்கள்" என்று சொல்லி, 30,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். தாயின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. ரசீது தரப்படவில்லை. சில மாதங்கள் கழித்து அந்த மாணவர் என்னிடம் வந்து, "அது சரிதானா ஐயா?" என்று கேட்டார்.

சரியில்லை. இத்தகைய திட்டங்கள் 'தொகுப்புக் கட்டணம்' என்ற முறையில் இயங்குகின்றன. ஒரு சிகிச்சைக்கு ஒரே தொகை. படுக்கை, அறுவைச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, பொருத்தப்படும் கருவி, உணவு எல்லாம் அதற்குள் அடக்கம். ஆயுஷ்மான் பாரத் தொகுப்பில் மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள்களும், வீடு திரும்பிய பின் 15 நாள்களும் கூடச் சேரும். தொகுப்பில் அடங்கிய ஒன்றுக்காக நோயாளியிடம் தனியே பணம் பெறக் கூடாது. ஆனால் ரசீதும் இல்லை. தொகுப்பில் என்ன அடங்கும் என்ற தாளும் அந்தக் குடும்பத்தின் கையில் இல்லை. எதை வைத்துப் புகார் எழுதுவது? விதி இருந்தது; அதை அறியும் வாய்ப்பு இல்லாததால், இல்லாத விதியைப் போலவே ஆகிவிட்டது.

மருத்துவமனைகள் எல்லாம் இப்படி என்று சொல்வது அநியாயம். நகரில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் பணிபுரியும் இன்னொரு பழைய மாணவி மறுபக்கத்தை எனக்கு விளக்கினார். நோயாளி சேர்ந்ததும் அட்டையைச் சரிபார்க்க வேண்டும். பரிசோதனை முடிவுகளுடன் முன்அனுமதி கோர வேண்டும். அனுமதி வந்த பிறகு சிகிச்சை. பிறகு அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, புகைப்படம், ஊடுகதிர்ப் படம், வீடு திரும்பும் சுருக்கம் அனைத்தையும் பதிவேற்றிப் பணம் கோர வேண்டும். ஒரு படம் விடுபட்டாலும் கேள்வி திரும்பி வரும். உரிய காலத்தில் பதில் தராவிட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படும். எந்தச் சிகிச்சைக்கு எந்த ஆவணம் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. தேசியத் தொகுப்புப் பட்டியல் 2018-இல் வந்தது, 2019-இல் திருத்தப்பட்டது, மீண்டும் 2021-இலும் 2022-இலும் திருத்தப்பட்டது, 2022 திருத்தத்தின்படி அதில் 1,949 சிகிச்சை முறைகள் இருந்தன. "எந்தத் தேதியிலிருந்து எந்த விதி என்பதை, ஒரு கோரிக்கை நிராகரிக்கப்படும்போதுதான் பல நேரங்களில் தெரிந்துகொள்கிறோம்" என்றார் அவர்.

விதியை அறிவதற்கும் விலை உண்டு

பொருளியலில் இதற்கு நெடிய பின்னணி உண்டு. 1963-இல் கென்னத் ஆரோ எழுதிய கட்டுரை ஒன்று, மருத்துவம் ஏன் பிற சந்தைகளைப் போல இயங்குவதில்லை என்பதை விளக்கியது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. நோயாளியால் சிகிச்சையின் தேவையையும் தரத்தையும் எடைபோட முடியாது என்பது அதன் சாரம். காப்பீடு வரும்போது இதன் மேல் இரண்டாவது அறியாமை ஒன்று சேர்கிறது: தன் பெயரில் என்ன கோரப்பட்டது, எவ்வளவு தரப்பட்டது என்பதும் நோயாளிக்குத் தெரிவதில்லை.

விதிகளைப் பின்தொடர்வதும் ஒரு செலவு. 500 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை அதற்கென்று தனிப் பிரிவு வைத்துக்கொள்ளும். செலவு ஆயிரக்கணக்கான நோயாளிகள்மீது பரவிவிடும். 30 படுக்கைகள் கொண்ட மருத்துவமனைக்கு அதே செலவு பெருஞ்சுமை. நாளடைவில் சிறியவை திட்டத்திலிருந்து விலகும். அப்படி விலகினால் இழப்பு யாருக்கு? ஜமுனாமரத்தூரிலிருந்தும் சேத்துப்பட்டிலிருந்தும் வேலூருக்கோ புதுச்சேரிக்கோ சென்னைக்கோ பேருந்து ஏற வேண்டிய நோயாளிக்குத்தான்.

தெளிவில்லாத விதிகள் மோசடிக்கும் நிழல் தருகின்றன. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை ஆராய்ந்து இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-இல் அளித்த அறிக்கை, 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணுடன் 7,49,820 பயனாளிகள் இணைக்கப்பட்டிருந்ததைச் சுட்டியது. பயனாளியைச் சரிபார்ப்பதில் கைபேசி எண்ணுக்குப் பங்கில்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் விளக்கமளித்தது. அந்த விளக்கத்தை ஏற்றாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: ஒருவர் பெயரில் கோரிக்கை எழுந்ததை அவருக்கே தெரிவிக்கும் எளிய வழி அந்த எண்தானே? எண் பொய்யானால் தகவல் யாரைச் சென்று சேரும்?

அமெரிக்காவிடம் கற்கத்தக்கது

1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டுத் தொடங்கிய மெடிகேர், 1983 முதல் மருத்துவமனைகளுக்கு நோய்வகைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வரையறுத்த தொகையைத் தருகிறது. நம் தொகுப்புக் கட்டண முறைக்கு அது ஒரு மூத்த உறவு. அதன் சிக்கலை நாம் விரும்பத் தேவையில்லை. கடலுக்கு அப்பால் இருக்கும் சென்னையில் ஒரு பெருந்தொழிலே வளரும் அளவுக்கு அந்த விதிகள் பின்னிக் கிடக்கின்றன. ஆயினும் மூன்று வழக்கங்கள் கவனிக்கத்தக்கவை.

முதலாவது, நாள்காட்டி. மருத்துவமனைக் கட்டண விதிகளின் வரைவு வசந்த காலத்தில் வெளியாகிறது. 60 நாள்கள் எவரும் கருத்துச் சொல்லலாம். ஆகஸ்டு வாக்கில் இறுதி விதி வருகிறது. அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. எப்போது மாறும் என்பது முன்பே தெரிந்திருப்பதால் அனைவரும் ஆயத்தமாக இருக்க முடிகிறது. இரண்டாவது, விளக்கம். விதியை வெளியிடும் அரசு அமைப்பே அதை எளிய மொழியில் விளக்கும் பயிற்சிக் குறிப்புகளையும் இலவசமாகத் தருகிறது. மூன்றாவது, நோயாளிக்கு வரும் கணக்குச் சுருக்கம். தன் பெயரில் எந்த மருத்துவர், எந்தத் தேதியில், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கேட்டார், மெடிகேர் எவ்வளவு தந்தது என்று பயனாளிக்கு ஒரு தாள் வருகிறது. பெறாத சிகிச்சை அதில் இருந்தால் அவரே புகார் செய்யலாம். தணிக்கையாளர்கள் எத்தனை பேர் இருந்தாலும், தன் உடம்புக்கு என்ன செய்யப்பட்டது என்பதை நோயாளியை விட நன்கறிந்த தணிக்கையாளர் இல்லை.

அங்கே தண்டனையும் கடுமை. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1863-இல் இயற்றப்பட்ட பொய்க் கோரிக்கைச் சட்டத்தின்படி, அரசை ஏமாற்றிப் பெற்ற தொகையால் ஏற்பட்ட இழப்பைப் போல மூன்று மடங்கு வரை செலுத்த நேரிடும். விதி தெளிவாக வெளியிடப்பட்ட இடத்தில்தான் அத்தகைய கடுமை நியாயமாகும். சொல்லாத விதிக்குத் தண்டிப்பது அறமாகாது.

நம் சட்டங்களே போதும்

இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை. நாட்டிலேயே முதன்முதலாகத் தகவல் அறியும் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கேட்கும்வரை காத்திராமல் அரசே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. வட்டார மொழியையும், அந்தப் பகுதிக்கு ஏற்ற பயன்மிக்க வழியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தமிழே ஆட்சிமொழி என்று நாம் சட்டம் இயற்றியது 1956-இல்.

ஆகவே, காப்பீட்டுத் திட்டத்தின் நடப்பு விதிகள் அனைத்தும் ஒரே தொகுப்பாக, தமிழில், தேதியிட்டு வெளியாக வேண்டும். எந்த விதி எந்த நாளில் மாறியது, முன்பு என்னவாக இருந்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். மாற்றங்கள் ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்புடன் வரட்டும். வரைவின்மீது மருத்துவமனைகளும் பயனாளிகளும் கருத்துச் சொல்லட்டும். முன்அனுமதி கிடைத்ததும் நோயாளியின் கையில் ஒரு பக்கத் தாள் தரப்பட வேண்டும்: சிகிச்சையின் பெயர், தொகுப்புத் தொகை, அதில் அடங்குபவை, புகார் எண். வீடு திரும்பும்போது இன்னொரு தாள்: கோரப்பட்ட தொகை, குடும்பக் கணக்கில் எஞ்சிய தொகை. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் ஒருமுறையேனும் மாவட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளின் பட்டியல் படிக்கப்படட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலர்கள் மாத்திரையுடன் இந்தத் தகவலையும் கொண்டு செல்லலாம்.

வாசகர் செய்யக்கூடியவை

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. அட்டை இல்லாத, தகுதியுள்ள குடும்பத்தார் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுப் பதிவு மையத்தை நோய் வருமுன்னே அணுக வேண்டும். மருத்துவமனையில் சேருமுன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்: இந்த மருத்துவமனை இந்தச் சிகிச்சைக்கு அங்கீகரிக்கப்பட்டதா? முன்அனுமதி வந்துவிட்டதா? தொகுப்பில் என்ன அடங்கும்? தனியே பணம் கேட்டால் எதற்கு, ரசீது உண்டா? சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை என்பதால் முதல் கேள்வி மிக முக்கியம். மாநிலத் திட்டத்துக்கு 1800 425 3993, ஆயுஷ்மான் பாரத்துக்கு 14555 ஆகியவை கட்டணமில்லா எண்கள். குறைகளை ஆராயும் மாவட்டக் குழு ஆட்சியரின் தலைமையில் இயங்குகிறது. அவரிடம் எழுத்துவழி முறையிடலாம்.

சொந்தப் பணத்தில் காப்பீடு எடுத்தவர்களும் ஒன்றை அறிய வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே 29 அன்று 55 பழைய சுற்றறிக்கைகளை நீக்கி ஒரே முதன்மைச் சுற்றறிக்கையாக்கியது. அதன்படி, பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கைமீது ஒரு மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்; வீடு திரும்பும் நேரத்தில் மருத்துவமனை கோரியதிலிருந்து 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும்; தாமதத்தால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அது காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு. சிதறிக் கிடந்த விதிகளை ஒன்றாக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. ஓய்வூதியர்களுக்கும் ஆறுதல் தரும் தீர்ப்பு ஒன்று உண்டு: பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார் என்ற ஒரே காரணத்துக்காக மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவரின் மருத்துவச் செலவை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் சிவகாந்த் ஜா வழக்கில் தீர்ப்பளித்தது.

காப்பீடு என்பது ஒரு வாக்குறுதி. வாக்குறுதியின் வாசகம் பெறுபவருக்குத் தெரிந்திருந்தால்தான் அது உரிமையாகும். தெரியாதவரை அது கொடுப்பவரின் தயவாகவே நிற்கும். ஆண்டுக்கு ஆயிரம் கோடிக்கு மேல் செலவிடும் அரசுக்கு, அந்தச் செலவின் விதிகளைத் தமிழில் அச்சிட்டு ஒரு தாளாகக் கையில் கொடுப்பது பெரிய காரியமில்லை. அந்தத் தாள் கையில் இருந்திருந்தால், ஒரு தாயின் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.